படகு வடிவமைப்பில் வெளித்துறையினர்: புதுமைக்கான ஒரு வாதம்

1983 செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட் கடற்பரப்பில், ஏழாவதும் இறுதியுமான ஓட்டத்தில், ஆஸ்திரேலியா II என்ற பாய்மரப் படகு லிபர்ட்டி என்ற அமெரிக்கப் படகை வென்றது. 132 ஆண்டுகளாக நியூயார்க் யாட் கிளப்பை விட்டு நீங்காத அமெரிக்கா கோப்பை அன்று கைமாறியது. வென்ற படகின் வடிவமைப்பாளர் பென் லெக்சன், பதினான்கு வயதில் பள்ளியை விட்டு ரயில் என்ஜின் பட்டறையில் தொழில் பழகச் சென்றவர். பிறகு பாய் தைத்தவர். படகு வடிவமைப்பின் பெரிய திருப்பங்கள் சில இத்தகைய வெளித்துறையினரிடமிருந்தே வந்தன என்பதும், அவர்களது கற்பனை கடுமையான சோதனையோடு சேர்ந்தபோதே நிலைபெற்றது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

படகின் அடியில் தொங்கி, அது கவிழாமலும் பக்கவாட்டில் ஒதுங்காமலும் காக்கும் கனத்த பகுதி கீல். அக்காலத்துக் கீல்கள் கீழே போகப்போகக் குறுகின. ஆஸ்திரேலியா II-இன் கீலோ தலைகீழாக, அடியில் அகன்று, இருபுறமும் இறக்கைகளோடு இருந்தது. எடை கீழே இறங்கியதால் படகின் நிலைப்பு கூடியது. கீலின் நுனியில் நீர் சுழன்று உண்டாக்கும் இழுவை குறைந்தது. படகு சாயும்போது ஒரு பக்க இறக்கை மேலும் ஆழத்துக்குப் போய் நீரைப் பற்றிக்கொண்டது. படகு நீருக்குள் எவ்வளவு அமிழலாம் என்பதற்குப் பந்தய விதிகள் வரம்பு கட்டியிருந்தன. அந்த வரம்பைத் தாண்டாமலே கூடுதல் ஆழத்தின் பலனைப் பெற்றதுதான் இதன் மேதைமை. விதிக்குப் புறம்பானது என்று நியூயார்க் கிளப் எழுப்பிய ஆட்சேபம் நிற்கவில்லை.

அந்தக் கீல் உருப்பெற்றது நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரில், படகு மாதிரிகளைச் சோதிக்கும் நீர்த்தொட்டியில். அங்கே பணியாற்றிய பீட்டர் வான் ஊசானனுக்கும் லெக்சனுக்கும் இடையே பெருமையை எப்படிப் பங்கிடுவது என்ற சர்ச்சை பின்னாளில் கிளம்பியது. யாருக்கு எவ்வளவு என்பதைவிட, இருவரையும் பிரித்துப் பார்க்க முடியாதபடி வேலை நடந்திருக்கிறது என்பதே ஆய்வாளருக்கு முக்கியம்.

வெளித்துறையினரின் பங்கைச் சொகுசுப் படகுகளின் கதையும் சொல்கிறது. சிட்னியில் இசை பயின்ற ஜான் பானன்பர்க் லண்டனில் உள்ளலங்காரத் தொழிலில் இறங்கி, 1960களில் படகுகளுக்கு வந்தார். வெளித்தோற்றத்தையும் உட்புறத்தையும் ஒரே கற்பனையின் இரு முகங்களாக அவர் வரைந்தார். 1980இல் பெனெட்டி நிறுவனம் கட்டிய நபிலா என்ற படகின் வெளித்தோற்றம் அவரது புகழ்பெற்ற படைப்பு. அவரது பட்டறையில் பழகிய ஆண்ட்ரூ வின்ச், டிம் ஹேவுட் போன்றோர் அடுத்த தலைமுறையின் முன்னணியாயினர்.

மார்ட்டின் ஃபிரான்சிஸ் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. அறைகலன் வடிவமைப்பு படித்தவர். கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் இப்ஸ்விச்சில் வடிவமைத்த அலுவலகக் கட்டடத்தின் தொங்கும் கண்ணாடிச் சுவரில் பணியாற்றினார். பிறகு பீட்டர் ரைஸ், இயன் ரிச்சி ஆகியோருடன் பாரிஸில் ஆர்.எஃப்.ஆர். என்ற பொறியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். கட்டடத்தில் கற்ற கண்ணாடி வித்தையை 1991இல் ஈகோ என்ற படகுக்குக் கொண்டுவந்தார். அதன் வளைந்த பெரிய கண்ணாடிப் பரப்புகள் படகின் முகத்தையே மாற்றின.

வெளியிலிருந்து வருவோர் அழகான படங்களை வரைவதோடு நின்றுவிடுவர் என்ற எதிர்வாதம் உண்டு. 2013இல் கட்டடக் கலைஞர் ஜாஹா ஹதீத் அறிவித்த 128 மீட்டர் படகு கட்டப்படாமலே போனது. எனினும் கட்டப்படாத ஒரு படகைக் காட்டி லெக்சனையும் ஃபிரான்சிஸையும் தள்ளிவிட முடியாது.

இன்று இந்த வாதத்துக்கு அவசரம் கூடியிருக்கிறது. 2024இல் நெதர்லாந்தின் ஃபெட்ஷிப் நீரில் இறக்கிய 118.8 மீட்டர் படகு, மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனைச் சேமித்து எரிபொருள் கலங்களில் மின்சாரம் எடுக்கிறது. அதே ஆற்றலைத் தர ஹைட்ரஜனுக்கு டீசலைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அந்த இடம் அறைகளிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். நங்கூரமிட்டு நிற்கும் படகில் குளிரூட்டிதான் பெரிய மின்சாரச் செலவு. கண்ணாடிப் பரப்பு பெருகினால் வெயில் உள்ளே வரும், குளிரூட்டும் சுமை ஏறும், ஹைட்ரஜன் தொட்டியையும் பெரிதாக்க வேண்டும். ஆகவே சன்னலின் அகலத்தையும் மேல்தளத்தின் நிழலையும் தீர்மானிக்கும் கலைஞர், எரிபொருள் கணக்கு போடப்படும் முதல் கூட்டத்திலேயே உட்கார வேண்டும். வடிவமைப்புக் கல்லூரிகள் வெப்பச் சுமைக் கணிப்பையும் நீர்த்தொட்டிச் சோதனையையும் பாடத்தில் சேர்த்தால், அந்தக் கூட்டத்தில் அவரது குரலுக்கு எடை இருக்கும்.