இல்லத்தில் நட்ட காந்தள்

வீட்டுக்குள் பூச்செடி வளர்ப்பதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இலண்டனிலிருந்தே தொடங்குகின்றனர். 1829இல் நதானியேல் வார்டு என்னும் மருத்துவர் மூடிய கண்ணாடிப் புட்டியொன்றில் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை வைத்திருந்தார். பூச்சியைக் காட்டிலும், அடியிலிருந்த ஈரமண்ணில் தானே முளைத்த பெரணிச் செடி அவர் கவனத்தை ஈர்த்தது. நிலக்கரிப் புகையில் தோட்டத்துச் செடிகள் கருகிய அந்நகரில் கண்ணாடிப் பேழைக்குள் செடி பிழைக்கும் என்பது பெருஞ்செய்தி. 1842இல் அவர் அதுபற்றி நூலே எழுதினார். இவ்வரலாற்றோடு நமக்கு வழக்கில்லை. ஆயினும் தமிழில் இதற்கு வேறொரு தொடக்கம் உண்டு. அது குறுந்தொகையின் 361ஆம் பாட்டு, பாடியவர் கபிலர்.

மணம் கூடிவரும் வேளையில் தலைவி தோழியிடம் பேசுகிறாள். அவன் மலையில் மாலையில் பெய்த மழை, காலையில் அவள் ஊருக்கு ஆற்றுநீராய் வருகிறது. அந்நீரில் காந்தள் ஒன்று வேரும் கிழங்குமாய் மிதந்து வருகிறது. மெல்லிய இலைகள் குழையும்படி அவள் அதைத் தழுவுகிறாள். பின் இல்லத்துக்கு எடுத்துச் சென்று நடுகிறாள். தாய் அதைத் தடுக்கவில்லை. அதற்கு ஈடாகத் தாய்க்கு விண்ணுலகத்தைக் கொடுத்தாலும் சிறிது என்கிறாள் தலைவி. வார்டின் பேழை காற்றுக்கு அஞ்சிச் செய்தது. இச்செடியோ பிரிந்திருப்பவனுக்கு ஈடாக வீடு புகுந்தது.

தம்மம்பட்டியில் நின்று இப்பாட்டைப் படிப்பவருக்கு உரை தேவைப்படாது. சேலம் மாவட்டத்தில் மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற இவ்வூருக்கு ஒருபுறம் கொல்லிமலை, மறுபுறம் பச்சைமலை. கொல்லியில் பிறக்கும் சுவேத நதி இவ்வழியே ஓடுகிறது. மலைமழை ஆறாக ஊருக்குள் வருவது இங்கே கற்பனையன்று. பாட்டில் மலையின் பெயர் இல்லை என்பதால் அது கொல்லிதான் என்று நாம் சாதிக்கப் போவதில்லை. ஓரியின் கொல்லியைக் கபிலர் குறுந்தொகையின் 100ஆம் பாட்டில் பாடியிருக்கிறார் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

கபிலர் செடியை அறிந்து எழுதியவர். பூவை மட்டும் மிதக்கவிட்டிருந்தால் அது மாலைக்குள் வாடியிருக்கும்; கிழங்கோடு வந்ததாலேயே நட முடிந்தது. காந்தளின் உயிர் கிழங்கில் இருக்கிறது. பூத்து முடிந்ததும் கொடி காய்ந்து மறையும். கிழங்கு கோடையெல்லாம் மண்ணுக்குள் உறங்கி, மழைக்காலத்தில் மீண்டும் முளைக்கும். இது அறியாதவர் காய்ந்த தொட்டிக்கு நீர் ஊற்றிக்கொண்டே இருந்து கிழங்கை அழுகவிடுவர். முளை கிழங்கின் நுனியில் இருப்பதால் அந்நுனி ஒடியாமல் படுக்கையாக நடவேண்டும். மண் நீர் வடிவதாக இருக்கவேண்டும். இலைநுனியே சுருண்டு பற்றுக்கம்பியாவதால் பற்றிக்கொள்ளச் சிறு குச்சிகள் போதும். இதழ்கள் முதலில் பசுமையாய், பின் மஞ்சளாய், முடிவில் தீச்சிவப்பாய் மாறுவதைத் தொட்டியில் வளர்த்தவர் நாள்தோறும் காணலாம். வெளிச்சம் விரும்பும் கொடி என்பதால் பாட்டின் 'இல்' இருண்ட அறையாக இராது, முற்றமாகவே இருக்கும் என்பது நம் எண்ணம். நற்றிணையின் 115ஆம் பாட்டிலும் மனையில் நட்ட மௌவல் உண்டு.

டச்சு ஆளுநர் வான் ரீடின் 'ஓர்த்துசு மலபாரிக்கசு' தொகுதிகளில் (1678–1693) இக்கொடி 'மெந்தோணி' என்ற பெயரில் வரையப்பட்டிருக்கிறது. சங்க நூல்களின் 'தோன்றி' மலையாளத்தில் மேந்தோன்னியாக வாழ்வதைத் தமிழாசிரியர் எவரும் மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்வர். 1753இல் இலின்னேயசு 'குளோரியோசா சூப்பர்பா' என்று பெயரிட்டார். ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளிலும் அது தொட்டிச் செடியாயிற்று.

பிறந்த மண்ணில் அதன் நிலை வேறு. மாநில மலர் என்ற சிறப்பு ஏட்டில் இருக்கிறது. ஊர்வழக்கிலோ அது கண்வலிப்பூ, உற்றுப் பார்த்தாலே கண் வலிக்கும் என்று விலக்கப்பட்டது. கிழங்கில் உள்ள கொல்சிசின் உயிரைக் கொல்லவல்ல நஞ்சு என்பதால் அவ்வச்சத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கவும் இயலாது. குழந்தைகளோ வளர்ப்பு விலங்குகளோ உள்ள வீட்டில் அவற்றுக்கு எட்டும் இடத்தில் இதை வைக்கலாகாது. அதே கொல்சிசின் கீல்வாத மருந்தாவதால் மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் கண்வலிக்கிழங்கு பந்தலிட்டுப் பயிராகிறது. அங்கே விலை விதைக்குத்தான். காடுகளில் கிழங்கைத் தோண்டித் தோண்டி இயற்கைக் காந்தள் அருகிவிட்டது. கபிலரின் தலைவிக்கு இன்று மழைநீர் வேரோடு ஒரு காந்தளைக் கொண்டுவருமா என்பது ஐயமே. வந்தாலும் கடியாத தாய் வேண்டும்.