பதினான்கு ஆண்டுகளும் மூன்று நிமிடங்களும்

இன்றைய இளைஞர்களின் அன்றாடத்தைக் கணினியும் கைப்பேசியும் என்ன செய்திருக்கின்றன என்ற பேச்சு எழும்போதெல்லாம் நாம் இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடுகிறோம். வாசிப்பு போயிற்று, தூக்கம் போயிற்று, உறவும் போயிற்று என்று ஒரு சாரார். உலகமே உள்ளங்கைக்குள் வந்துவிட்டது என்று மறுசாரார். இரண்டுமே பொதுப்படையான பேச்சுகள். ஓர் ஊரில், சில மனிதர்களின் வாழ்வில் இந்தக் கருவி எதைச் செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்று பார்த்தால் சற்றுத் தெளிவு பிறக்கலாம் என்று தோன்றுகிறது. நான் நினைப்பது கொடைக்கானலை.

*

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், வாட்டர்டவுன் என்ற நகரில் இயங்கிவந்த வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று மூடப்பட்டு, இயந்திரங்களோடு பழனி மலைத்தொடருக்கு இடம்பெயர்ந்தது. பாண்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை அது. சில ஆண்டுகளில் அந்நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியபின் ஆலையும் ஹிந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. கண்ணாடியும் பாதரசமும் வெளிநாட்டிலிருந்து மலையேறி வந்தன. செய்து முடித்த வெப்பமானிகள் பெரும்பாலும் வெளிநாட்டுக்கே திரும்பிச் சென்றன. நடுவில் நின்றது உள்ளூர்க்காரர்களின் உழைப்பு.

அன்றைய கொடைக்கானல் இளைஞர்களுக்கு இது எத்தகைய வரமாகத் தோன்றியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். கோடையில் இரண்டு மூன்று மாதம் சுற்றுலாப் பயணிகளை நம்பிய பிழைப்பு, மற்ற நாட்களில் தோட்டவேலை. அந்த ஊரில் மாதச் சம்பளம் தரும், பெரிய பெயருள்ள ஒரு தொழிற்சாலை. அதில் சேர்ந்தவர்களில் பலர் அப்போதுதான் பள்ளியை முடித்தவர்கள்.

பாதரசத்தை நம்மில் பலர் பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்போம். மேசையில் சிந்தினால் வெள்ளி மணிகளாகச் சிதறி ஓடும். விரலால் சேர்த்தால் ஒன்றுகூடும். அதன் ஆபத்து அந்த அழகுக்குள் மறைந்திருக்கிறது. சாதாரண அறை வெப்பத்திலேயே அது ஆவியாகும். ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உள்ளே போனதில் பெரும்பகுதி இரத்தத்தில் கலந்து மூளையையும் நரம்புகளையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. ஆண்டுக்கணக்கில் அதன் அருகே நின்று வேலை செய்தவர்களுக்கு அது என்ன பொருள் என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை என்பதும், போதிய பாதுகாப்புக் கருவிகள் தரப்படவில்லை என்பதும் பின்னாளில் தொழிலாளர்கள் வைத்த குற்றச்சாட்டுகள். வேலையினால் அவர்களின் உடல்நலம் கெடவில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடாக இருந்தது.

இன்று அந்த வயதில் இருக்கும் ஒருவன் வேலையில் சேர்ந்த முதல்நாள் இரவே அந்தப் பெயரைத் தட்டித் தேடியிருப்பான். மினமாட்டா என்ற ஜப்பானிய ஊரின் பெயர் உடனே அவன் திரையில் வந்திருக்கும். அங்கே பாதரசத்தால் வந்த நோய் அதிகாரப்பூர்வமாகக் கண்டறியப்பட்டது 1956ல். யூஜீன் ஸ்மித் எடுத்த நிழற்படங்கள் ‘லைஃப்’ இதழில் வெளியாகி உலகை உலுக்கியது 1972ல். அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் நம் ஆலை வந்தது. அறிவு உலகில் ஏற்கெனவே இருந்தது. கொடைக்கானலில் வேலைக்குச் சேர்ந்த இளைஞனுக்கு அதை எட்டும் வழி இருக்கவில்லை.

*

2001 மார்ச் மாதம் ஊருக்குள் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில், பாதரசம் படிந்த உடைந்த வெப்பமானிக் கண்ணாடி 7.4 டன் அளவுக்குக் குவிந்து கிடந்தது வெளிச்சத்துக்கு வந்தது. பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சில், கிரீன்பீஸ் ஆகிய அமைப்புகளோடு உள்ளூர் மக்களும் தெருவுக்கு வந்தார்கள். உடனே ஆலை மூடப்பட்டது. 2003ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஒரு வளர்ந்த நாட்டுக்கு நம் நாட்டிலிருந்து நச்சுக் கழிவு திரும்பிப் போவது அபூர்வம்.

ஆனால் செய்தி அத்தோடு தணிந்துபோயிற்று. அக்காலத்தில் சமவெளியின் இளைஞர்களுக்குக் கொடைக்கானல் என்றால் முதலில் ஒரு குரல். மலையுச்சியிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலித்த கொடை பண்பலை தென்மாவட்டங்களின் தேநீர்க் கடைகளிலும் தறிக்கூடங்களிலும் நாள்முழுக்கக் கேட்டது. அது மேலிருந்து கீழே மட்டும் வரும் குரல். கேட்பவர் ஓர் அஞ்சலட்டை எழுதிப்போடலாம், அவ்வளவுதான். இணையமோ ‘பிரவுசிங் சென்டர்’களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துப் பார்க்கும் பொருள். கைநடுக்கத்தையும் தலைவலியையும் சொல்ல வேண்டியிருந்த முன்னாள் தொழிலாளிக்கு இவை எதுவும் மேடையாகவில்லை.

ஆகவே அவர்கள் காகிதத்தை நம்பினார்கள். சங்கம் வைத்தார்கள், மருத்துவச் சான்றுகளைச் சேர்த்தார்கள், மனுக்கள் எழுதினார்கள். 2006ல் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். அதே ஆண்டு ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தின் அறிவியலாளர்கள் கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீன்களிலும் பாதரசம் இருப்பதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 2011ல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் அமைத்த குழு தொழிலாளர்களின் பக்கம் நியாயம் இருப்பதாக நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தது. வழக்கு நடந்துகொண்டே இருந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது இளைஞர்களாக இருந்தவர்கள் நடுவயதைத் தாண்டினார்கள். சிலர் இறந்தும் போனார்கள்.

*

2015 ஜூலை 30 அன்று யூடியூபில் ஒரு காணொளி வெளியாயிற்று. சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் என்ற இளம்பெண், நிக்கி மினாஜின் புகழ்பெற்ற ஒரு பாட்டின் மெட்டில், கொடைக்கானல் தொழிலாளர்களுக்கு இழப்பீடு கேட்டுப் பாடிய ராப் பாடல். நீளம் ஏறத்தாழ மூன்று நிமிடம். சில வாரங்களில் முப்பது லட்சம் முறைக்குமேல் பார்க்கப்பட்டது. நிக்கி மினாஜே அதைத் தன் ட்விட்டர் பக்கத்தில் பகிர்ந்தார். இணைய மனுவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டனர். யூனிலீவரின் தலைமைச் செயல் அதிகாரி பால் போல்மன் ட்விட்டரிலேயே பதில் சொல்லவேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. மனிதாபிமான அடிப்படையில் தரும் தொகை என்று நிறுவனம் சொன்னது. எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை.

இங்கேதான் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பதினான்கு ஆண்டுகள் முடியாததை மூன்று நிமிடப் பாட்டு முடித்துவிட்டது என்று சொல்லிவிடலாம். சொல்லவும் சொன்னார்கள். கல்லூரி இடைவேளையில், பேருந்துக்குக் காத்திருக்கையில் ஒரு பொத்தானை அழுத்திப் பகிர்ந்த இளைஞர்களுக்கு அது நியாயமான பெருமையும்கூட. அதே ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் இளைஞர்கள் படகையும் உணவையும் இதே தளங்களின் வழியாகத்தான் ஒருங்கிணைத்தார்கள். 2017 ஜனவரியில் மெரினா கடற்கரையில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய பெருங்கூட்டத்தையும் கைப்பேசிதான் திரட்டியது.

ஆனால் அந்தப் பாட்டு வெறுங்கையோடு வரவில்லை. அது கேட்ட கேள்விக்குப் பின்னால் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் இருந்தது, மருத்துவச் சான்றுகள் இருந்தன, ஆய்வுக் கட்டுரை இருந்தது, நீதிமன்றத்தில் உயிரோடு ஒரு வழக்கு இருந்தது. பேச்சுவார்த்தைக்கு அழைத்தால் வந்து உட்கார ஆட்கள் இருந்தார்கள். இவை இல்லாமல் முப்பது லட்சம் பேர் பார்த்திருந்தாலும் நிறுவனம் ஓர் அனுதாபச் செய்தியோடு நின்றிருக்கும். உலர்ந்த விறகு அடுக்கியிருந்தது. பொறி விழுந்ததும் பற்றிக்கொண்டது. பொறியைப் பார்த்தவர்கள் அநேகம் பேர். விறகு சுமந்தவர்கள் மலையில் இருந்தார்கள்.

*

இழப்பீட்டுக்குப் பிறகும் மண் மிச்சமிருந்தது. ஆலை நின்ற இடம் பாம்பார் சோலைக்காட்டின் விளிம்பு. அங்கிருந்து இறங்கும் நீர் கும்பக்கரை அருவியாக விழுந்து பெரியகுளம் பக்கம் போகிறது. ஆலை வளாகத்து மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்ற அளவு துப்புரவுக்கு வைக்கப்பட்டது. காட்டை ஒட்டிய இடத்துக்கு அது போதாது, இதைவிடக் கடுமையான அளவு வேண்டும் என்று சூழலியலாளர்கள் வாதிட்டனர். இன்னும் ஆழமாக அகழ்ந்தால் மரங்களும் மண்ணும் அழியும் என்பது எதிர்வாதம். 2018ல் சோஃபியா அஷ்ரஃப், இம்முறை டி.எம். கிருஷ்ணாவையும் அம்ரித் ராவையும் சேர்த்துக்கொண்டு, இரண்டாவது பாடல் ஒன்றை வெளியிட்டார். அதுவும் நல்ல முயற்சிதான். முதல் பாட்டு எழுப்பிய அலையை அது எழுப்பவில்லை. மில்லிகிராம் கணக்கில் நடக்கும் விவாதத்தைப் பகிர்வது கடினம்.

2024ல் ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் வந்தபின், குணா குகை மீண்டும் எல்லாக் கைப்பேசிகளிலும் ஒளிர்ந்தது. படத்தில் பார்த்த இடத்தில் நின்று ஒரு சிறு காணொளி எடுக்க இளைஞர்கள் மலையேறினார்கள். அதே ஆண்டு மே 7 முதல், பெருகும் வாகன நெரிசலைக் கணக்கெடுக்க உயர் நீதிமன்ற ஆணைப்படி இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. அவர்கள் எடுத்த காணொளிகளில் பனியும் பாறையும் இருக்கும். பாதரசம் படம் பிடிக்க அகப்படாதது.

இளைஞர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. வெப்பமானி ஆலைக்குள் நுழைந்த தலைமுறைக்குக் கிடைக்காத ஒன்று இவர்கள் கையில் இருக்கிறது. எதைத் தொடுகிறோம், அது நம்மை என்ன செய்யும் என்று அன்றிரவே தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அது. அது சிறிய காரியமில்லை. பகிர்ந்தபின் மறுவாரமும், மறுவருடமும் அந்த மண் என்னவாயிற்று என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் எந்தக் கருவியும் தானாகத் தருவதில்லை. அதைக் கொடைக்கானலின் அந்த முன்னாள் தொழிலாளர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அடுத்தமுறை மலையேறும் நண்பர்கள் ஏரியைச் சுற்றி வந்தபின் பாம்பார் சோலைப் பக்கமும் ஒருமுறை நடந்து பார்க்கலாம். அங்கே படமெடுக்க ஒன்றும் கிடைக்காமல் போகலாம். இருந்தாலும் போய்வரலாம்.