கைத்தொழில் கற்ற தம்பதிகள்

மல்லசமுத்திரத்தில் தறியொலி கேட்டு வளர்ந்த நாம், நமது தொழிலை அந்நியர் எவ்வளவு மதித்துக் கற்றனர் என்பதையும் அறிதல் வேண்டும்.

ஆனந்த குமாரசுவாமி 1877-இல் கொழும்பிலே தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர். 1902-இல் எதெல் என்னும் ஆங்கில மாதை மணந்து, மறு ஆண்டு அவருடன் இலங்கைக்கு வந்தார். உத்தியோகமோ கனிப்பொருள் ஆராய்ச்சி. ஆயினும் தம்பதிகள் இருவரும் கண்டி நாட்டுக் கம்மாளர், நெசவாளர், பாய் முடைவோர் ஆகியோரிடம் மாணாக்கரைப்போல் தொழில் முறைகளைக் கேட்டறிந்தனர். கணவர் எழுதினார், அம்மையார் நிழற்படம் பிடித்தார். இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய பெருநூல் 1908-இல் இவ்வாறே உருவாயிற்று.

பின்னர் இருவரும் பிரிந்தனர்; அதனை விவரிக்க இஃது இடமன்று. அம்மையார் இங்கிலாந்தில் தாமே தறியில் அமர்ந்தார். மறுமணத்தின்பின் எதெல் மைரெட் என்னும் பெயரால் 1916-இல் தாவரச் சாயங்களைக் குறித்து நூலும் இயற்றினார். டிச்லிங் என்னும் சிற்றூரில் அவர் அமைத்த நெசவுச்சாலையிற் பலர் பயின்றனர்.

செயற்கை நீலம் 1897-இல் சந்தைக்கு வந்தது. நம் நாட்டு அவுரித் தொட்டிகள் வறண்டன. அங்கே ஓர் ஆங்கில மாது சாயப் பக்குவங்களை அச்சிலேற்றினார். இங்கே சாயவேரின் பக்குவத்தைக் கேட்டால், நம்மில் எத்தனை பேர் விடை பகர்வர்?