குழல் சூடானால் குறி என்ன ஆகும்? ஜெர்மனியின் ஜி36 கதை

சினிமாவில் ஹீரோ நூறு ரவுண்டு நிறுத்தாமல் சுடுவார். நூறாவது குண்டும் வில்லனின் நெற்றியில்தான் போய்ப் பாயும். நிஜத்தில் அப்படி இல்லை நண்பர்களே! துப்பாக்கிக்கும் காய்ச்சல் வரும். அந்தக் காய்ச்சலால் ஒரு நாட்டின் பாதுகாப்பு அமைச்சரும் ஒரு பெரிய கம்பெனியும் மோதிக்கொண்ட கதை இது.

முதலில் கொஞ்சம் அறிவியல். நாம் குறிபார்க்கும் புள்ளியிலேயே, ஒரு குறிப்பிட்ட தூரத்தில், குண்டும் போய் விழும்படி சைட்டைத் திருகிச் சரிசெய்வதைத்தான் 'ஜீரோ' செய்வது என்கிறார்கள். இதைப் பெரும்பாலும் நிதானமாக, குழல் அதிகம் சூடாகாமல்தான் செய்வார்கள். வேகமாகத் தொடர்ந்து சுட்டால் குழல் கொதிக்கும். உலோகம் விரியும். எல்லாப் பக்கமும் சமமாக விரியாவிட்டால் மயிரிழை அளவு வளையும். அது போதாதா? குழலின் திசை ஆயிரத்தில் ஒரு பங்கு விலகினாலே 200 மீட்டரில் குண்டு 20 செ.மீ. தள்ளிப் போய்விடும்.

சரி, கதைக்கு வருவோம். 1990களின் பிற்பகுதியில் ஜெர்மன் ராணுவம், பழைய ஜி3க்குப் பதிலாக ஹெக்லர் அண்ட் கோச் தயாரித்த ஜி36ஐ வாங்கியது. கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் உடல், அதனால் எடை குறைவு. ஆனால் குழலைப் பிடித்திருப்பதும் அந்த பிளாஸ்டிக்தான், சைட்டைத் தாங்குவதும் அதுதான். சூட்டில் அது இளகினால் இரண்டுக்கும் உள்ள பொருத்தம் மாறிவிடும்.

ஆப்கானிஸ்தானில் 2010 ஏப்ரல் 2, புனித வெள்ளியன்று குந்தூஸ் அருகே நடந்த நீண்ட சண்டையில் 3 ஜெர்மன் வீரர்கள் இறந்தார்கள். 2012ல், சூடானால் ஜி36 குறி தவறுகிறது என்று பத்திரிகைகள் எழுத ஆரம்பித்தன. 2015ல் வந்த அரசின் ஆய்வறிக்கை அதிர வைத்தது. 90 சதவீதம் இலக்கில் பட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. சூடேறிய நிலையில் பட்டதோ 7 சதவீதம்! "இப்போதைய வடிவில் இதற்கு எதிர்காலம் இல்லை" என்று அறிவித்தார் அமைச்சர் உர்சுலா வான் டெர் லேயன்.

கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை, கோர்ட்டுக்குப் போனது. 2016 செப்டம்பரில் கோப்லென்ஸ் நீதிமன்றம் கம்பெனி பக்கமே தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் பேசிய தன்மைகள் எல்லாம் துப்பாக்கியில் இருந்தனவாம். அதற்கு முன்பே, 2015 அக்டோபரில், வின்ஃபிரீட் நாக்ட்வை தலைமையிலான குழு இன்னொன்றையும் சொல்லியிருந்தது: இந்தக் குறையால் எந்த வீரரும் இறந்ததற்கோ காயம்பட்டதற்கோ ஆதாரம் இல்லை.

அப்படியானால் தப்பு யார் மேல்? என்னைக் கேட்டால், விடை ஒப்பந்தத் தாளில்தான் இருக்கிறது. "இத்தனை குண்டு வேகமாகச் சுட்ட பிறகும் ஜீரோ மாறக்கூடாது" என்று வாங்கும்போதே எழுதிக் கேட்டிருந்தால், பிறகு கோர்ட்டில் வாதாட வேண்டியிருக்காது. ஆறிய குழலில் எடுத்த நல்ல மார்க், கொதிக்கும் குழலுக்குச் சான்றிதழ் ஆகாது.

கடைசியில் ஒரு வேடிக்கை. ஜி36க்கு மாற்றாகத் தேர்வானதும் அதே கம்பெனியின் எச்கே416 வகைதான். 2022 டிசம்பரில் நாடாளுமன்ற பட்ஜெட் குழு அதற்குப் பச்சைக்கொடி காட்டியது. இந்த முறை உடல் அலுமினியம்!