கூதிரும் வாடையும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்டது தமிழ் மரபு. தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் கூதிரை உரிமையாக்கி, முன்பனியும் அதற்கு உரித்தென்றார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. அக்குளிர்நாளில் வடக்கிலிருந்து வீசும் காற்றே வாடை.

பருவத்தைச் சொல்லால் வரையறுத்துப் பாடும் மரபு ஜப்பானியரிடமும் உண்டு. 17 அசை கொண்ட ஹைக்குவில் பருவச்சொல் ஒன்று அமைதல் வழக்கம். அதனைக் 'கிகோ' என்பர். அச்சொற்களைப் பருவவாரியாகத் தொகுத்த நூல் 'சைஜிகி'. குளிர்காலத் தொடக்கத்தில் இலைகளை உதிர்க்கும் காற்று 'கொகராஷி'. வந்து வந்து மறையும் தூறல் 'ஷிகுரே'. முன்னது வாடைக்கும், பின்னது கூதிர்த் தூவலுக்கும் அண்மையன.

சொல்லளவில் மட்டுமன்று, புழங்கும் பொருளளவிலும் இவ்வொப்புமை காணப்படும். 16 ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ செப்பஞ்செய்த தேநீர் நெறியில், நவம்பர்த் தொடக்கத்தில் தரையிலுள்ள கணப்புக் குழியைத் திறப்பர். மே மாதத்தில் அதனை மூடி, பெயர்த்து வைக்கும் கணப்புச் சட்டிக்கு மாறுவர். கடுங்குளிரில், சூடு ஆறாதிருக்கும் பொருட்டு ஆழ்ந்த கிண்ணத்தில் தேநீர் தருவர்.

இனி, நக்கீரரின் நெடுநல்வாடையை நோக்குக. 188 அடிகளுடைய அப்பாட்டில், சுருக்கித் தொங்கவிட்ட விசிறியில் சிலந்தி நூல் படிகிறது. சந்தனக் கல் பயனின்றிக் கிடக்கிறது. குறுவாய்க் கன்னலின் தண்ணீரை எவரும் உண்ணாது, அகன்ற வாயுடைய தடவின் நெருப்பை நாடுகின்றனர். எடுத்து வைத்த பொருளும் எடுத்துக்கொண்ட பொருளுமே பருவத்தை அறிவிக்கின்றன. தேநீர் அறையின் கணப்பும் மதுரைப் புலவரின் தடவும் ஒரே உண்மையைக் கூறுவன.

மலேசியாவில் குளிர்காலம் இல்லையே, இச்சொற்கள் எதற்கு என்பார் உளர். 1885 இல் நில அளவை செய்த வில்லியம் கேமரனின் பெயர் தாங்கிய கேமரன் மலை, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுடையது. ஐப்பசி கார்த்திகையில் இங்கு மழை மிகும். இரவில் கம்பளியின்றி உறக்கம் வாராது. நிலம் குறிஞ்சி, பொழுது கூதிர். ஆயினும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் வாயில் 'குளிர்' என்ற ஒரு சொல்லே வழங்குகிறது. கூதிர் தேர்வுக்குரிய சொற்பொருளாய் நின்றுவிட்டது.

அச்சொல்லை மீட்கப் புதிய பாடநூல் வேண்டா. ஐப்பசி பிறந்ததும், வீட்டில் எப்பொருள் ஒதுக்கப்பட்டது, எப்பொருள் வெளியே வந்தது என்று பிள்ளைகளைக் குறித்துவரச் செய்க. அதன்பின் நெடுநல்வாடையின் தடவை அவர்க்குக் காட்டுக. அப்பொழுது கூதிர் என்னும் சொல் அவர்கள் உடலறிந்த சொல்லாகும்.