பண்டைய யூதப் பெயர்கள்

பண்டைய இஸ்ரவேலிலும் யூதாவிலும் மக்கள் சூடிய பெயர்களில் பெரும்பகுதி முழு வாக்கியங்கள். யோனத்தான் என்றால் ‘யாவே கொடுத்தார்’. தானியேல் என்றால் ‘இறைவன் என் நடுவர்’. பெயரின் தலையிலோ வாலிலோ தெய்வத்தின் பெயர் ஒட்டியிருக்கும். ‘ஏல்’ என்பது செமிட்டிய மொழிகள் பலவற்றுக்குப் பொதுவான, இறைவனைக் குறிக்கும் சொல். ‘யாவே’ இஸ்ரவேலர் வணங்கிய தெய்வத்தின் தனிப்பெயர். அது பெயரின் முன்னே ‘யெகோ’, ‘யோ’ என்றும், பின்னே ‘யாகு’, ‘யா’ என்றும் குறுகும். தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களில் வழங்கும் சாமுவேல், எரேமியா போன்ற பெயர்களின் ஈற்றில் இருப்பவை இந்த ஒட்டுகளே.

தெய்வம் சேராத பெயர்களும் உண்டு. அவற்றில் காடும் மேய்ச்சல் நிலமும் தெரியும். தெபொராள் தேனீ, ராகேல் பெண்ணாடு, யோனா புறா, யாகேல் மலையாடு, தாமார் பேரீச்சை. யோசியா அரசனின் எழுத்தர் சாப்பான் பெயரளவில் ஒரு குழிமுசல்.

பெயரின் பொருள் என்று பேசும்போது இரண்டு பொருள்களைப் பிரித்தறிய வேண்டும். மொழியியல் தரும் பொருள் ஒன்று, கதை தரும் பொருள் மற்றொன்று. இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. மோசேயை நீரிலிருந்து ‘எடுத்ததால்’ அந்தப் பெயர் வந்தது என்று விவிலியத்தின் யாத்திராகமம் எபிரேய வினைச்சொல் ஒன்றைக் காட்டுகிறது. அப்படிச் சொல்பவளோ எகிப்திய அரசனின் மகள். உண்மையில் இது துத்மோஸ், ராம்சேஸ் ஆகிய பெயர்களிலும் உள்ள, ‘பிறந்தவன்’ என்று பொருள்படும் எகிப்தியச் சொல்லாகவே தெரிகிறது. சாமுவேலின் கதை இன்னும் விசித்திரமானது. கடவுளிடம் ‘கேட்டுப்’ பெற்றதால் அன்னாள் மகனுக்கு அந்தப் பெயரை இட்டாள் என்கிறது கதை. ‘கேட்கப்பட்டவன்’ என்ற பொருள் சாமுவேலுக்குப் பொருந்தாது, சவுல் என்ற பெயருக்கே நேராகப் பொருந்தும். இத்தகைய விளக்கங்களைப் பிழை என்று தள்ளுவது எளிது. ஆனால் கதை சொன்னவர் சொல்லாராய்ச்சி செய்யவில்லை. பிறந்த குழந்தையின் பெயருக்குள் அதன் வருங்காலத்தைத் தேடினார். சாமுவேல் நூலில் வரும் நாபாலின் பெயருக்குப் பொருள் ‘மூடன்’. பெயருக்கேற்றவர்தான் என்று அவருடைய மனைவியே தாவீதிடம் சொல்கிறாள். எந்தத் தாய் தன் பிள்ளைக்கு அப்படிப் பெயரிடுவாள்? அது கதைக்காகப் பிறந்த பெயராக இருக்கலாம், அல்லது வேறொரு பொருள் மறைந்துபோன பெயராக இருக்கலாம்.

மண்ணிலிருந்து கிடைத்த பெயர்களுக்கு இந்தச் சாயம் இல்லை. 1910இல் சமாரியாவில் அகழ்ந்தெடுத்த, கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எண்ணெய், திராட்சரசக் கணக்கு எழுதிய பானையோடுகளில் யாவேயின் பெயர் ‘யாவ்’ என்று குறுகி வருகிறது. கூடவே ‘பாகால்’ சேர்ந்த பெயர்களும் உள்ளன. தெற்கே யூதாவில் ‘யாகு’ என்ற ஈறு மிகுதி. எருசலேமின் தாவீது நகரில் 1982இல் கிடைத்த களிமண் முத்திரைப் பதிவுகளுள் ஒன்று ‘சாப்பானின் மகன் கெமரியாகு’ என்கிறது. எரேமியா நூலின் 36ஆம் அதிகாரத்தில் இதே பெயருடைய அரண்மனை அலுவலர் வருகிறார். கி.மு. 586இல் பாபிலோனியர் நகரைக் கொளுத்தியபோது ஆவணங்கள் எரிந்தன. அதே நெருப்பில் முத்திரைக் களிமண் சுட்டு நிலைத்துவிட்டது.

பாகால் என்ற சொல்லுக்கு ‘உடையவன், தலைவன்’ என்பது பொருள். ‘யாவே பாகால்’ என்று பொருள்படும் பெயர்கூட நாளாகமத்தில் உண்டு. பிற்காலத்துக்கு இது உறுத்தியது. நாளாகமம் சவுலின் மகனை எஸ்பால் என்கிறது. சாமுவேல் நூலில் அவரே இஸ்போசேத், அதாவது ‘வெட்கத்தின் ஆள்’. படியெடுத்தவர்கள் பாகாலை எடுத்துவிட்டு ‘வெட்கம்’ என்ற சொல்லை வைத்தார்கள் என்பது அறிஞர் பலரின் கருத்து. யூதாவின் கிர்பெத் கெயாபாவில் 2012இல் கிடைத்த, ஏறத்தாழ கி.மு. 1000ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு சாடியில் ‘எஸ்பால்’ என்ற பெயர் வேறொருவருக்கு உரியதாகப் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நாளில் அது வெட்கத்துக்குரிய பெயரே அல்ல.

பெயரை மாற்றுபவர் மேலாளுமை உடையவர். ஆபிராம் ஆபிரகாம் ஆனதும் யாக்கோபு இஸ்ரவேல் ஆனதும் இறைவனின் செயல். அரசியலிலும் இதே முறைதான்: கி.மு. 609இல் பார்வோன் நேகோ எலியாக்கீமை யோயாக்கீம் ஆக்கினான். 597இல் நேபுகாத்நேச்சார் மத்தனியாவுக்குச் சிதேக்கியா என்று பெயரிட்டான். எகிப்தியன் இட்ட பெயரிலும் யாவே இருப்பதுதான் வேடிக்கை.

எகிப்தில் அடிமைப்பட்டபோதும் இஸ்ரவேலர் பெயர்களை மாற்றிக்கொள்ளவில்லை, அதனாலும் மீட்கப்பட்டார்கள் என்று ரபிமார் பிற்காலத்தில் பெருமை பேசினர். பெயர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆரோனின் பேரன் பினெகாஸின் பெயர் எகிப்தியம். சிறையிருப்புக்குப்பின் எருசலேமுக்கு ஆளுநராகத் திரும்பிய செருபாபேலின் பெயருக்குப் ‘பாபிலோனின் வித்து’ என்று பொருள். எஸ்தர் நூலில் வரும் மொர்தெகாயின் பெயரிலோ பாபிலோனியரின் மார்துக் தெய்வமே இருக்கிறது.

இரண்டாம் ஆலயக் காலத்தின் பிற்பகுதியில் புழங்கிய பெயர்களின் எண்ணிக்கை சுருங்கியது. ஆய்வாளர் தால் இலான் 2002இல் வெளியிட்ட பெயரகராதிப்படி ஆண்களில் சீமோன் முதலிடம், யோசேப்பு இரண்டாமிடம். பெண்களில் மரியாளும் சலோமேயும் முன்னே நிற்கின்றன. அந்நிய ஆட்சிக்கு எதிராக எழுந்த மக்கபேயர் குடும்பத்தின் பெயர்கள் மீது மக்களுக்கு இருந்த பற்று இதற்கொரு காரணம் என்கிறார் அவர். ஒரே தெருவில் பல சீமோன்கள் இருந்தால் தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் பட்டப்பெயரும் தேவைப்படும்; புதிய ஏற்பாட்டின் சீமோன்கள் பெரும்பாலும் அடைமொழியோடு வருவது இதனால்தான். கிரேக்கம் அறிந்த குடும்பங்கள் யெசுவாவுக்கு ஒலி நெருக்கம் பார்த்து யாசோன் என்ற பெயரையும் வைத்துக்கொண்டன.

பெயர் மனிதனின் போக்கைத் தீர்மானிக்கும் என்ற பேச்சு ரபிமாரின் போதனைத் தொகுப்பான தல்மூதிலும் உண்டு. மனிதன்மீது விதிக்கப்பட்ட தீர்ப்பைக் கிழிக்கும் செயல்களாகத் தர்மம், கூக்குரல், நடத்தை மாற்றம் ஆகியவற்றோடு பெயர் மாற்றத்தையும் அது எண்ணுகிறது. சாகக்கிடக்கும் நோயாளிக்குப் புதுப்பெயர் சூட்டும் வழக்கம் இதையொட்டியே பிற்கால யூதரிடம் வேரூன்றியது. ஆணுக்கு ‘வாழ்வு’ எனப் பொருள்படும் ஹயிம், பெண்ணுக்கு ஹயா. பிழைத்து எழுந்தவர் அந்தப் பெயரையும் சேர்த்தே சுமப்பார்.