மெக்லாரன் எஃப்1

மெக்லாரன் எஃப்1, இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் 1992 முதல் 1998 வரை தயாரான மூவர் அமரும் அதிவேகக் கார். பந்தயக் கார்களையும் சோதனை வண்டிகளையும் சேர்த்து மொத்தம் 106 மட்டுமே செய்யப்பட்டன. பந்தயத்துக்கென்று உருவாக்கப்படாத இது 1995-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது.

1988 ஃபார்முலா 1 பருவத்தின் 16 பந்தயங்களில் மெக்லாரன் அணி வெல்லாதது ஒன்றே ஒன்று: மோன்சா. அந்தப் பந்தயம் முடிந்து மிலானின் லினாத்தே விமான நிலையத்தில் காத்திருந்தபோது மெக்லாரனின் ரான் டென்னிஸ், மன்சூர் ஓஜே, கிரைட்டன் பிரவுன், கார்டன் மர்ரி ஆகிய நால்வரும் சாலையில் ஓடும் கார் ஒன்றைச் செய்வது பற்றிப் பேசினர். வடிவமைப்புப் பொறுப்பு, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த மர்ரிக்கு வந்தது. வெளித்தோற்றம் பீட்டர் ஸ்டீவன்ஸின் கைவண்ணம்.

மர்ரியின் ஒரே பிடிவாதம் எடை. கார்பன் ஃபைபரால் ஆன உடற்கூட்டை 1981-லேயே ஃபார்முலா 1-க்குக் கொண்டுவந்த நிறுவனம் என்பதால் அந்த வித்தை கைவசம் இருந்தது. பவர் ஸ்டியரிங் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. ஓட்டுநர் நடுவில், இருபுறமும் சற்றுப் பின்தள்ளி இரு பயணிகள். ஹோண்டா எஞ்சின் தர முன்வராததால் பி.எம்.டபிள்யூவின் பால் ரோஷே 6.1 லிட்டர் வி12 எஞ்சினைச் செய்து கொடுத்தார். 627 குதிரைத்திறன், கேட்டதைவிட மிக அதிகம். எஞ்சினின் எடையும் 250 கிலோ வரம்பைத் தாண்டி 266 கிலோ ஆனது, மர்ரி ஏற்றுக்கொண்டார். எஞ்சின் அறைக்குள் வெப்பத்தைத் தடுக்கத் தங்கத் தகடு ஒட்டினார்கள். ஆடம்பரம்போலத் தெரிந்தாலும் காரணம் இயற்பியல்தான். முழுக் காரின் எடை 1,138 கிலோ.

எஞ்சினையும் கியர்பெட்டியையும் சோதிக்க, அல்டிமா என்ற சிறு நிறுவனத்தின் இரண்டு கார்களை வாங்கி ஆல்பர்ட், எட்வர்ட் என்று பெயரிட்டனர். முதல் மாதிரியான எக்ஸ்பி1 நமீபியாவில் வெப்பச் சோதனையின்போது உருண்டு எரிந்துபோனது. ஓட்டியவர் உயிர் தப்பினார். 1998 மார்ச்சில் ஜெர்மனியின் ஏரா-லெசியன் சோதனைத் தடத்தில் ஆண்டி வாலஸ் எக்ஸ்பி5 என்ற மாதிரியை மணிக்கு 386.4 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். அதற்காக எஞ்சினின் சுழற்சி வரம்பு தளர்த்தப்பட்டிருந்தது.

பந்தயத்தில் மர்ரிக்கு நாட்டமில்லை. ரே பெல்ம், தாமஸ் பிஷர் போன்ற வாடிக்கையாளர்கள் வற்புறுத்திய பிறகே ஜிடிஆர் என்ற வடிவம் பிறந்தது. விதிப்படி காற்று உட்புகும் வழியைக் குறுக்கியதால் பந்தயக் காரின் திறன் சாலைக் காரைவிடக் குறைந்து சுமார் 600 குதிரைத்திறன் ஆனது. ஆனால் பறக்கவென்றே எடை குறைத்த உடலுக்கு அந்த இழப்பு பெரிதாக வலிக்கவில்லை.

1995 லெ மானில் இரவெல்லாம் மழை. ஜே.ஜே. லேட்டோ, யானிக் டால்மா, மசனோரி செகியா மூவரும் 59-ஆம் எண் காரில் முதலிடம் பிடித்தனர். பந்தயத்துக்கென்றே கட்டிய கூராஜ் கார் மரியோ ஆண்ட்ரெட்டி ஓட்டியும் இரண்டாமிடமே பெற்றது. மற்ற மெக்லாரன்கள் 3, 4, 5, 13-ஆம் இடங்களில் வந்தன. அந்த ஐந்தின் நினைவாக எல்எம் (லெ மான்) என்ற பெயரில் ஐந்து கார்கள் விற்பனைக்கு வந்தன.

விரைவிலேயே போர்ஷே, மெர்சிடிஸ் ஆகியவை வழியைத் தலைகீழாக்கின: முதலில் பந்தயக் கார், பிறகு விதிக்காகச் சில சாலைக் கார்கள். மெக்லாரன் 1997-இல் நீள வாலுடன் கூடிய ஜிடிஆரை இறக்கியது. மறு ஆண்டே உற்பத்தி நின்றது.